எவ்வளவு தாங்கும்

என் நாத்தனாருக்கு ஆறுதல் சொல்ல வராது. கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்த புதிதிலேயே இதைத் தெரிந்துகொண்டேன்.

நான் அனுப்பம்பட்டுக்காரி. வயலுக்குப் போன ஆம்பிளைகள் பொழுது சாயத் திரும்பி வருவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு நாள், விடியுமுன் போன என் வீட்டுக்காரரின் ஃபைபர் போட் மத்தியானம் ஆகியும் கரை சேரவில்லை. வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும், "வந்துடுவாரும்மா, இதுக்குப் போயி பயப்படுவாங்களா?" என்றார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் கேட்டேன். அவள் அப்போது இன்ஜினீயரிங் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுவாரு இல்ல?"

அவள் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியல அண்ணி. காத்து ஏறுது. இஞ்சின் ஒழுங்கா ஓடுனா வந்துடுவாரு. போன வாரம் நடுவுல நின்னு போச்சு."

போன வாரம் நின்றுபோன விஷயம் அதுவரை எனக்குத் தெரியாது.

ஆறுதல் சொன்ன பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவள் போகவில்லை. சாயங்காலம் போட் வந்து மணலில் ஏறும்வரை, வெயிலில், என் பக்கத்தில், ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். போட் வந்ததும், "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயதிலும் பாப்பாதான். மெலிந்து உயரமாக இருப்பாள். பானைக்கு அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்ட அவள் விரல்களுக்குக் கரண்டி தேவையில்லை, அவ்வளவு நீளம். அவள் அண்ணனும் அதே வாகு. அவர்களுடைய நைனாவும் அப்படித்தான் இருந்தாராம். நான் அவரைப் பார்த்ததில்லை. நாற்பது தாண்டிய வயதில், நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள் சிலர். காத்துக்கருப்பு என்றார்கள் சிலர். அவளைக் கேட்டால், "யாரும் அறுத்துப் பாக்கல. அதனால தெரியாது" என்பாள். செத்த அப்பாவைப் பற்றி ஒரு பெண் இப்படிப் பேசலாமா என்று குப்பத்தில் கேட்டார்கள். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, "வேற எப்படிப் பேசறது?" என்று திருப்பிக் கேட்டாள்.

படிப்பை முடித்து, மேலே படித்து, சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு வீங்கும். வீங்கிய சுவரின் உள்பக்கம் சில சமயம் கிழியும். கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து சுவரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும். அது நடந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பலர் முடிந்துபோவார்கள். யாருக்குக் கிழியும், யாருக்குக் கிழியாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவள் வேலை. ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குழாயின் சுவர் எந்த இடத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்குப் போடுவாள்.

குப்பத்துக்கு இதில் விளங்கியது ஒன்றுதான்: பாப்பா நெஞ்சு டாக்டர். ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்து போட்டுக்காரர் தேசப்பன் அண்ணன் அதில் முக்கியமானவர்.

"நான் டாக்டர் இல்லண்ணே. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டு."

"பத்திரிகையில பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கீதே?"

"அது வேற டாக்டர்."

"வேற டாக்டர்னா இன்னா, அதுக்கு நெஞ்சு இல்லியா?"

அவள் அவரைக் கையோடு பொன்னேரிக்கு அழைத்துப்போனாள். வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வாயுத்தொல்லையைக் கண்டுபிடித்தவள் என்று தேசப்பன் அண்ணன் அவள் புகழை மேலும் பரப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். இறால் தொக்கு வைத்திருந்தேன். இரண்டாவது கவளத்தில் சொன்னாள்.

"ண்ணா, எங்க லேப்ல வியாதி ஒண்ணும் இல்லாத ஆளுங்க ஸ்கேன் படமும் வேணும், வியாதிக்காரங்களோட ஒப்பிட்டுப் பாக்க. நான் போய் படுத்தேன். எனக்குக் குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கு. இது குடும்பத்துல வரும். நீ நாளைக்கு என்கூட வரணும்."

என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி, "உனக்கா?" என்றார்.

"ஆமா. எனக்குக் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம் தொக்கு போடு அண்ணி."

மறுநாள் போனார்கள். அவருடைய குழாய் அவளுடையதைவிட வீங்கியிருந்தது. ஆனால் இவ்வளவு வீங்கினால் அறுக்கலாம் என்று டாக்டர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவை அது தொடவில்லை. மாத்திரை கொடுத்தார் பெரிய டாக்டர். பாரம் தூக்கக் கூடாது, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு அந்த டாக்டரை மிகவும் பிடித்துப்போனது.

பாப்பா அந்தப் படத்தைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கொக்கி போல வளைந்த ஒரு குழாய், பெரும்பாலும் நீலம். ஒரு வளைவில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு.

"இந்த இடம் ரொம்ப இழுபடுது."

"கிழிஞ்சிடுமா?" என்றேன்.

"எவ்ளோ இழுபடுதுன்னு தெரியும் அண்ணி. எவ்ளோ தாங்கும்னு தெரியாது. உசுரோட இருக்கற ஆளுகிட்ட அதை அளக்க முடியாது. அளவைத் தொடாமலே கிழிஞ்சவங்க இருக்காங்க. அளவைத் தாண்டியும் நல்லா இருக்கறவங்க இருக்காங்க."

"சைக்கிள் ட்யூப் வீங்கின மாதிரியா?" என்றார் இவர்.

"இல்ல."

"எந்த மாதிரி?"

"எந்த மாதிரியும் இல்ல. ரத்தக்குழாய் மாதிரி."

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். "செரி, நீ இன்னா சொல்ற? அறுத்துக்கவா, வேணாவா?"

எந்தக் கேள்விக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லுபவள் அன்று வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். "அறுத்துக்கோன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. இந்தப் படத்தை வெச்சு ஆளை அறுக்கலாம்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. அறுத்துக்காதன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லண்ணா."

அவளுக்குத் தைரியம் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

அதன்பிறகு இவர் வலை இழுப்பதில்லை. போட்டில் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருக்க, கூடப் போகிறவர்கள் இழுத்தார்கள். அது அவருக்குப் பெரிய அவமானம். ஒரு நாள் யாரும் இல்லையென்று போட்டின் இஞ்சினைக் கழற்றித் தானே தோளில் தூக்கிவிட்டார். கரையில் பாதி தூரம் வந்தபோது பாப்பா பார்த்துவிட்டாள். நான் கத்தப்போனேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, நிதானமாக நடந்து அவர் பக்கத்தில் போனாள்.

"ண்ணா, நில்லு. மூச்சை அடக்காத. அடக்குனா உள்ள அழுத்தம் ஏறும். பேசிக்கினே மெதுவா இறக்கு."

"இன்னா பேசறது?"

"எதையாச்சும் பேசு."

"எதைன்னு பேசறது மே!"

"மீன் பேருங்களைச் சொல்லு."

"வஞ்சிரம்... கெளுத்தி... மடவை..." என்று சொல்லிக்கொண்டே அவர் முட்டி மடக்கினார். தேசப்பன் அண்ணனும் இன்னொருவரும் ஓடிவந்து இஞ்சினைத் தாங்கிக்கொண்டார்கள். அவர் சங்கரா என்று சொல்லும்போது இஞ்சின் மணலைத் தொட்டது. பாப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன். "ரொம்பப் பயந்துட்டேன் அண்ணி" என்றாள், மணி கேட்டால் மணி சொல்லுகிற குரலில்.

இதற்கு நடுவில் அவளுக்குப் பழவேற்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வங்கியில் வேலை. காபி டம்ளர்களை நான் வைப்பதற்குள் இவள் தன் ரத்தக்குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பிள்ளை உண்டானால் ஆபத்து கூடும், எவ்வளவு கூடும் என்று சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்து. அவர்கள் காபியை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்கள். மரியாதையான மனிதர்கள். "இப்பவே சொல்லணுமா?" என்றேன். "எப்ப சொன்னா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். அவர்களுக்கு வைத்த முறுக்கை இரண்டு பேரும் சாப்பிட்டோம். தன் முறுக்கில் பாதியை அவள் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பாத்திரம் எடுக்கும்போதுதான் கவனித்தேன்.

அடுத்த ஸ்கேனில் இவர் குழாய் மேலும் வீங்கியிருந்தது. நைனா செத்த கதையையும் கேட்டுக்கொண்டு, இந்த முறை பெரிய டாக்டரே அறுத்துவிடலாம் என்றார். "பாப்பா படம் சொன்னது சரியாப் போச்சு" என்றேன். "படத்தால இல்ல அண்ணி. வேகமா வீங்கறதால சொல்றாரு. ரெண்டும் வேற" என்று திருத்தினாள்.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் என் தலையைத் தடவி, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அவ்வப்போது கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப இதயத்தை நிறுத்தியிருப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வீங்கினதை வெட்டி எடுத்திருப்பாங்க. துணியால செஞ்ச குழாயை வெச்சுத் தைப்பாங்க" என்றாள். அந்தத் தகவல்கள் எனக்குத் தேவைப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சொல்வதை அவள் நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று பயமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். தலையைத் தடவிய பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் டாக்டரிடம், "இதயம் தானா துடிக்க ஆரம்பிச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் போய் எனக்கு இட்லி வாங்கிவந்தாள்.

வெட்டி எடுத்த துண்டு அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போனது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே இவரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அங்கே அந்த மாதிரித் துண்டுகளைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒரு மிஷினில் இரண்டு பக்கமும் மாட்டி, கிழியும்வரை இழுத்துப் பார்ப்பார்கள். சொந்த அண்ணன் துண்டு என்பதால் அவளைத் தொடவிடவில்லை. வேறொருவர் இழுத்தார். இவள் பின்னால் நின்று பார்த்தாளாம்.

இவர் வீடு திரும்பி, மெல்ல நடமாடத் தொடங்கிய பிறகு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

"நான் சிவப்பா குறிச்ச இடமும் மத்த இடமும் ஒரே மாதிரிதான் தாங்குச்சு அண்ணி. கிழிஞ்சதும் வேற இடத்துல. நான் நினைச்சதைவிட நிறையவே தாங்குச்சு."

"அப்படின்னா அறுக்காமலே இருந்திருக்கலாமா?"

"அது தெரியாது. உடம்புல இருக்கறப்ப நடக்கறது வேற, மிஷின்ல இழுக்கறது வேற. ஆனா நான் போட்ட கணக்கு தப்பு."

"அவருகிட்ட சொல்லாத, பாப்பா. உன் கால்ல விழறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பாவமாகத்தான் பார்த்தாள். "அவரோடது அண்ணி அது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே குரல் உயர்ந்தது. "அப்போ இன்னாத்துக்குடி என் மார்பைப் பொளந்தீங்க? வலை இழுக்க முடியாம, பாரம் தூக்க முடியாம, பொணம் மாதிரி குந்த வெக்கிறதுக்கா?" அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் குரலை உயர்த்த வராது.

மாசக்கணக்கில் அவர் அவளோடு பேசவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். அவர் முதுகைப் பார்த்தபடி சாப்பிட்டாள், தட்டைக் கழுவிவைத்தாள், என் மகள் மோனிஷாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், பஸ் ஏறிப் போனாள். கரையில் தேசப்பன் அண்ணன், "அண்ணன் உசுரைக் காப்பாத்திட்ட பாப்பா!" என்று கத்துவார். "அது தெரியாதுண்ணே" என்று இவளும் ஒவ்வொரு முறையும் நின்று பதில் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, இவர் என்னிடம் சொன்னார்: "என்னுது ஒரு துண்டு எடுத்தாங்களே, அதை இன்னா பண்ணாங்கன்னு கேளு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னிடம் சொன்னாள்: "மிச்சம் ஃப்ரீஸர்ல இருக்கு அண்ணி."

"அதுனால இன்னா பிரயோஜனம்னு கேளு."

"முன்னாடி எல்லாரோட சுவரும் ஒரே பலம்னு வெச்சுக்கினு கணக்கு போட்டோம். அண்ணனோடதும் இன்னும் சில பேரோடதும் இழுத்துப் பாத்தப்புறம் அது தப்புன்னு தெரிஞ்சுது. இப்ப எல்லாத்தையும் கலைச்சிட்டு வேற மாதிரி போடறோம் அண்ணி."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. இவர் அப்புறம் நேராக அவளையே கேட்டார்.

"என்னால யாருக்காச்சும் நல்லது ஆச்சா பாப்பா?"

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அவளைக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இன்னும் ஆகலண்ணா" என்றாள். "ஆகலாம்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும் என்று மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூச்சை அடக்காத" என்று அவள் எழுந்து போய் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். அதே வேலைதான், பெரிய மிஷின்களாம். போய்ப் பல வருஷமாகிவிட்டது. இவர் இப்போது போட் வைத்து ஆள் விட்டுத் தொழில் பார்க்கிறார். நன்றாக இருக்கிறார்.

மோனிஷா அத்தையின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாலிபால் டீமில் கூப்பிட்டபோது, முதலில் ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்று அங்கிருந்து அத்தை சொன்னாள். எடுத்தோம். இங்கே பார்த்த டாக்டர், "ஒண்ணும் இல்லம்மா, தைரியமா விளையாடச் சொல்லுங்க" என்று சிரித்த முகமாகச் சொன்னார். இவருக்கு நிம்மதி வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தலையைத் தடவுகிற எல்லோரும் அதையேதான் சொல்லுகிறார்கள். படத்தைப் பாப்பாவுக்கு அனுப்பச் சொன்னேன். பதில் வரும்வரை என்ன சாப்பிட்டேன், நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் எந்தப் பிள்ளைக்கு என்ன எடை எழுதினேன் என்று நினைவில்லை.

நான் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணி, நான் பாத்தேன். எங்க லேப்ல இன்னொருத்தரும் தனியா பாத்தாரு. மோனிஷாவுக்குக் குழாய் சரியா இருக்கு. விளையாடட்டும். வளர்ற பொண்ணு, அதனால கொஞ்ச வருஷம் கழிச்சு மறுபடி எடுக்கணும்."

உரித்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்தேன். "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தனக்கு மெதுவாக வீங்குவதாகவும், டாக்டர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அப்புறம் எனக்கே என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"பாப்பா, மோனிஷா விஷயம்... எனக்காக சும்மா சொல்லலியே?"



"சும்மா எப்படி அண்ணி சொல்றது?" என்றாள்.

கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.